பட்டின் கரையும் வாழ்வின் கரையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

ஓர் இலக்கிய அமைப்பு பத்தாண்டுக் காலம் தளராது கூடுவது எளிய செயலன்று. கைப்பொருளைச் செலவிட்டு இவ்வட்டத்தைக் காத்துவரும் அன்பர்களை முதற்கண் வாழ்த்துகிறேன். 'வறுமை ஒழிப்பும் நாட்டு முன்னேற்றமும்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு எனக்குப் பணித்துள்ளீர்கள். இது பொருளியல் அறிஞர் பேச வேண்டிய பொருள். எனினும், காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவனுக்கு இது நூலில் மட்டும் படித்தறிந்த பொருளன்று. ஆதலால் நம் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களிலே நின்றுகொண்டே பேச விரும்புகிறேன்.

நம் ஊரின் பசிக்கு இலக்கியச் சான்று உண்டு. மழை பொய்த்துக் காஞ்சி மாநகர் வாடிய செய்தியைக் கேட்டு, மணிமேகலை அமுதசுரபியோடு இவ்வூருக்கு வந்தாள் என்று சாத்தனார் பாடினார். பசித்தவர்க்கு முதலில் சோறு வேண்டும் என்பதை நம் காப்பியம் அன்றே கண்டுகொண்டது. ஆனால் நெசவாளன் வறுமை வேறு வகையானது. மழை பெய்தால் உழவன் வறுமை குறையும். நெசவாளன் வறுமையோ மழையினால் கூடும். தெருவிலே பாவு விரிக்க இயலாது, தறிக்குழியில் நீர் ஊறும், நாடா நிற்கும், கூலியும் நிற்கும். வெயில் வந்ததும் அவன் மீண்டும் குழியில் இறங்குவான். அதற்குள் கடன் சற்று ஏறியிருக்கும்.

அந்தக் கடனைப் பற்றித்தான் நான் முதலில் சொல்ல வேண்டும்.

காஞ்சிப் பட்டின் சிறப்பு அதன் கோர்வைக் கரையில் இருக்கிறது. சேலையின் உடல் ஒரு நிறம்; கரை வேறு நிறம். இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து, இழுத்தாலும் பிரியாது நிற்கும். அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். தறியில் அமர்ந்தவர் ஒருவரே மூன்றையும் ஓட்டுவது அரிது. ஆகவே ஓரத்தில் ஒரு துணையாள் அமர்ந்து கரை நாடாவை எறிந்து கொடுக்க வேண்டும். வளர்ந்த ஆளை அமர்த்தினால் கூலி கட்டுப்படியாகாது. எனவே அந்த இடத்தில் ஒரு பிள்ளை அமர்ந்தது. வீட்டுப் பிள்ளை இல்லையென்றால், பெற்றோருக்கு முன்பணம் கொடுத்து அடுத்த வீட்டுப் பிள்ளை அழைத்துவரப்பட்டது.

முன்பணம் என்னும் சொல் கேட்பதற்கு இனிய சொல். திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் மழைக்காலத்துக்கும் முதலாளியிடம் பெறும் தொகை அது. ஆனால் அது தீரும்வரை வேறொருவருக்கு நெய்ய முடியாது. கூலி போதாது என்று சொல்ல முடியாது. ஒருவரிடமிருந்து விடுபட வேண்டுமானால் இன்னொருவரிடம் பெற்று இவரிடம் அடைக்க வேண்டும். இப்படிக் கடன் கைமாறுமே தவிரக் கழியாது.

என் தமக்கையார் ஒன்பது வயதில் தந்தையாரின் தறியோரம் அமர்ந்தவர். அதனால் நான் பள்ளிக்குச் செல்ல முடிந்தது. பல ஆண்டுகளுக்குப் பின், கோர்வைக் கரையை இரு கரங்களின் இணைவாக உருவகித்து நான் ஒரு கவிதை எழுதினேன். இவ்வட்டத்திலே படித்துப் பாராட்டும் பெற்றேன். வீட்டில் அதைப் படித்துக் காட்டியபோது தமக்கையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நன்றாயிருக்கிறது தம்பி, கரையைப் பாடினாய், அந்த ஓரத்தில் உட்கார்ந்தவளை ஏன் பாடவில்லை?" என்றார். அன்று அவருக்கு என்னிடம் விடையில்லை. இன்று நான் பேசுவது அந்த வினாவுக்குத் தேடிய விடையே என்று கொள்ளலாம்.

அன்பர்களே, வறுமையைப் போக்கச் சட்டங்களும் திட்டங்களும் இல்லாமற் போகவில்லை. கடன்தான் நோயின் வேர் என்பதை நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே கண்டவர்கள் உண்டு. சென்னை மாகாண அரசுக்காக பிரெடரிக் நிக்கல்சன் செருமானியக் கூட்டுறவு வங்கிகளை ஆராய்ந்து 1895இலும் 1897இலும் அறிக்கை அளித்தார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டு அக்டோபரில், இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவு செய்யப்பட்ட ஊர் எது தெரியுமா? நம் காஞ்சிபுரமே. கோயில்களைக் காட்டிப் பெருமைப்படும் நாம் இதையும் சொல்லிப் பெருமைப்படலாம்.

பின்னர் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பெருகின. 1935இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது. நம் ஊரிலும் காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா முதலிய பெயர்களில் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. சங்கத்தில் பட்டும் சரிகையும் எடையிட்டுக் கொடுத்தார்கள். கூலி கணக்கில் ஏறியது. போனசும் சேமிப்பும் கிடைத்தன. முதலாளியின் திண்ணையில் நின்றவனைச் சங்கம் ஓர் உறுப்பினனாக்கியது. இது சிறிய மாற்றமன்று. ஆனால் சேலை விற்காமல் தேங்கும்போது சங்கமும் பாவு கொடுக்கத் தயங்கும். வேலையில்லாத அந்த வாரங்களில் உறுப்பினன் மீண்டும் முன்பணம் தேடிப் போவான். சங்கம் கூலியைச் சீர் செய்தது. மழைக்காலத்தையும் நோயையும் திருமணத்தையும் அதனால் முழுமையாகத் தாங்க இயலவில்லை.

அடுத்து வந்தது துணியைக் காக்கும் முயற்சி. 1953இல் நெசவாளர் துயருற்றபோது, காஞ்சி தந்த அண்ணாவும் அவர் இயக்கத்தாரும் கைத்தறித் துணிகளைத் தோளில் சுமந்து தெருவிலே விற்றனர். 1985இல் சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. விசைத்தறியாளர் வழக்குத் தொடுத்தனர். 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. தொடக்கத்தில் 22ஆக இருந்த ஒதுக்கீட்டு வகைகள் பின்னர் 11ஆகக் குறைந்தன. 2005இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இவையெல்லாம் தேவையானவையே. விசைத்தறியில் நெய்ததைக் காஞ்சிப்பட்டு என்று விற்பது நெசவாளன் வயிற்றிலடிப்பது. அதைத் தடுத்தே ஆக வேண்டும். ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இச்சட்டங்கள் சேலையைக் காத்தன, தறியைக் காத்தன, தறியோரத்துப் பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பிள்ளையைப் பற்றிச் சொன்ன சட்டங்கள் வேறு. 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன்படி அடிமைக் கடன் செல்லாது. ஆனால் முன்பணத்துக்கு எழுத்தில் சான்றில்லை; முறையிட வேண்டியவர் கடன்பட்டவரே. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. நெசவும் சாயமேற்றலும் அதன் தடைப்பட்டியலில் இருந்தன. ஆனால் குடும்பத்தார் துணையோடு வீட்டில் நடக்கும் தொழிலுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. காஞ்சியில் தறி எங்கே இருக்கிறது? வீட்டிலே இருக்கிறது! அடுத்த வீட்டுப் பிள்ளையையும் அண்ணன் மகன் என்றால் சட்டம் திரும்பிப் போய்விடும். 1996 டிசம்பரில், சிவகாசிக் குழந்தைகளை முன்னிட்டு எழுந்த வழக்கில், பிள்ளையை அமர்த்தியவர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளைக்கு மாற்றாக வீட்டிலுள்ள பெரியவருக்கு வேலை தேடித் தரும் பொறுப்பையும் அரசுக்கு உணர்த்தியது. அதன்பின்னும் 2003இல் வெளியான ஓர் உலக மனித உரிமை அமைப்பின் அறிக்கையில் காஞ்சிபுரத்துத் தறிப் பிள்ளைகள் இடம்பெற்றார்கள். நாம் வெட்கப்பட வேண்டிய பக்கங்கள் அவை.

அப்படியானால் எது பிள்ளையைத் தறியிலிருந்து எழுப்பியது? ஒரு சட்டமன்று, பல செயல்கள் ஒன்று சேர்ந்ததே என்பது என் கருத்து. 1956இல் காமராசர் விரித்த மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும், பள்ளிக்குப் போகும் பிள்ளையால் வீட்டுக்கு ஏற்படும் இழப்பில் ஒரு பங்கை ஈடு செய்தன. அமுதசுரபி அன்னச்சாலையில் இருந்து பள்ளிக்கூடத்துக்கு இடம் மாறியதுபோல் ஆயிற்று. நியாயவிலைக் கடை அரிசி கடனுக்கான காரணங்களில் ஒன்றைக் குறைத்தது. நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் அதிகாரிகள் வீடு தேடி வந்தனர். 2010இல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2016இல் பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று சட்டம் திருத்தப்பட்டது. பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு உதவலாம் என்னும் விலக்கு மட்டும் இன்னும் நிற்கிறது.

இவற்றோடு தொழிற்சாலையும் வந்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா வந்தது. நெசவாளர் வீட்டு மகனும் மகளும் கம்பெனிப் பேருந்துக்காகத் தெருமுனையில் காத்து நின்றார்கள். மாதச் சம்பளம் வீட்டுக்குள் வந்தபோது முதன்முறையாகத் தந்தை முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். இதைப் பழிக்க எனக்கு மனமில்லை. அதே வேளையில் 2014இல் நோக்கியா ஆலை மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்ததையும் மறக்கலாகாது. நவீனத் தொழிலும் ஒருநாள் கதவடைக்கும். அன்று தாங்கிக்கொள்ள ஒரு வலை இல்லையென்றால், விட்டுவந்த குழிக்கே திரும்ப வேண்டியதுதான்.

கவிஞர் பெருமக்கள் சிலர் இப்போது என்னைக் கேட்கலாம்: "பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டால் இந்தக் கலை என்னாவது?" நேர்மையான கேள்வி. நாட்டின் கைத்தறித் தொழிலாளர் எண்ணிக்கை 1995-96 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 65 லட்சம். 2009-10இல் 43 லட்சம். 2019-20இல் 35 லட்சம். கடைசிக் கணக்கெடுப்பில், மூன்றில் இரு பங்கு நெசவாளர் குடும்பங்கள் மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டியதாகத் தெரியவந்தது. இரண்டு கணக்கையும் சேர்த்துப் படித்தால் கலை ஏன் குறைகிறது என்பது விளங்கும். 1830களில் இங்கிலாந்தின் கைத்தறியாளர் நலிந்தபோது ஓர் ஆணைக்குழு விசாரித்தது. முடிவில் அவர்களுக்குக் கிடைத்தது, தொழிலை விட்டு வெளியேறுங்கள் என்னும் அறிவுரையே. அந்த அறிவுரை கொடுமையானது. ஆனால் கலைக்காகக் குழியிலேயே இருங்கள் என்று நாம் சொல்வதும் அதற்குக் குறைந்த கொடுமையன்று. வறுமையினால் மட்டுமே வாழும் கலை வாழ்கின்ற கலையாகாது.

ஆகவே சீர்திருத்தத்துக்கு நான் ஓர் அளவுகோல் வைக்கிறேன். நெசவாளர் வீட்டுப் பிள்ளை படித்து, வளர்ந்து, வேறு வேலைக்கும் போகக்கூடிய நிலையில் நின்று, அதன்பின் தானே விரும்பித் தறியில் அமருமானால், அன்று சீர்திருத்தம் வென்றது என்று கொள்ளலாம். அதற்குச் சில செயல்கள் வேண்டும். கூலியும் முன்பணமும் எழுத்தில் இருக்க வேண்டும். தங்கமும் வெள்ளியும் விலையேறச் சேலை விலை ஏறுகிறது; அந்த ஏற்றத்தில் கூலிக்கும் பங்கு வேண்டும். வளர்ந்த இளைஞர் உதவித்தொகை பெற்றுக்கொண்டே நெசவு பயில வழி வேண்டும். பாவுக்கு இழை சுற்றும் பெண்களின் உழைப்பு 'வீட்டு உதவி' என்று கழிக்கப்படாமல், அவரவர் பெயரில் கூலியாக ஏற வேண்டும். மகளிர் உரிமைத்தொகையாக மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் 2023 செப்டம்பர் 15இல், அண்ணா பிறந்த நாளில், நம் காஞ்சிபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. அப்போது பெண்கள் தத்தம் பெயரில் பணம் பெற்றதைக் கண்டோம். அவர்கள் உழைத்த கூலியும் அவ்வாறே அவர்கள் பெயரில் வர வேண்டும்.

சட்டமியற்றுவது கவிஞர் வேலையன்று. ஆனால் எதைப் பார்ப்பது, யாரைப் பெயர் சொல்லி அழைப்பது என்பது நம் வேலை. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது பெரும்பாணாற்றுப்படை. வறுமை நீங்கிய ஒருவன், வறுமையில் வாடும் இன்னொருவனை வழியில் கண்டு, எங்கே போகலாம், எப்படிப் போகலாம் என்று சொல்வதே ஆற்றுப்படை மரபு. நம்முள் பலர் கரையேறியவர்கள். ஏறிய வழியைச் சொல்ல வேண்டிய கடன் நமக்கு இருக்கிறது. யாருடைய தோள்மீது ஏறினோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தமக்கையாருக்கு நான் எழுத வேண்டிய கவிதையை இன்னும் எழுதி முடிக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் அதைப் படிக்க எனக்கு இடம் தாருங்கள். அவரையும் அழைத்து வருகிறேன்.