திருநிலமும் திருப்பணியும்
(சொற்பொழிவு)



ஆலயத் திருப்பணி என்றவுடன் அடியார் நெஞ்சம் விண்ணளாவிய கோபுரத்தையும், பொற்கலசத்தையும், சிற்பம் செறிந்த தூண்களையும் நாடுவது இயல்பே. அவை கண்ணுக்குப் புலனாவன. உபயதாரரின் திருநாமமும் அவற்றருகே கல்லில் பொறிக்கப்பெறும். மண்ணுக்குள் மறையும் கடைக்காலுக்கோ கல்வெட்டும் இல்லை, காண்பாரும் இல்லை. ஆயினும் கடைக்கால் தளர்ந்தபின் கலசம் நிலைப்பது எங்ஙனம்?

ஆகமங்கள் ஆலயக் கிரியைகளைக் கர்ஷணம் முதல் பிரதிஷ்டை ஈறாக வகுத்துள்ளன. கர்ஷணமாவது நிலத்தை உழுதல். இறைவனுக்கு இல்லம் எடுப்பதற்கு முன், நிலத்தை அறிதல் வேண்டும் என்பது இதனால் விளங்கும். மயமதம் முதலிய சிற்ப நூல்கள் நிலத்தின் நிறம், மணம், சுவை, ஊறு, ஓசை ஆகியவற்றைச் சோதிக்கப் பணிக்கின்றன. குழி தோண்டி, எடுத்த மண்ணையே மீண்டும் இட்டு நிரப்புங்கால், மண் மிகுந்தால் உத்தமம், சமமானால் மத்திமம், குறைந்தால் அதமம். குழியில் இரவு நீர் நிரப்பி விடியலில் நோக்குவதும் அவ்வாறான ஒரு சோதனை. இறுகிய மண்ணைத் தோண்டினால் அது நெகிழ்ந்து மிகும். நெகிழ்ந்த மண் இட்டபோது அமுங்கிக் குறையும். இத்துணை எளிய முறையில் நிலத்தின் உறுதியை அளந்த அறிவு போற்றற்குரியது.

எனினும் இச்சோதனையை மயங்கச் செய்யும் நிலம் ஒன்று உண்டு. அதுவே கரிசல் நிலம். கோவில்பட்டி, சாத்தூர், விளாத்திகுளம், எட்டயபுரம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து பருத்திக்கும் கம்புக்கும் தாயாக விளங்குவது அது. சித்திரை வெயிலில் கரிசல் இறுகிப் பாளம் பாளமாக வெடிக்கும்; குழியில் வார்த்த நீர் வெடிப்புகளின் வழியே ஓடி மறையும். ஐப்பசி மழையில் அதே மண் உப்பி, வெடிப்புகள் மூடிக்கொள்ள, வார்த்த நீர் அப்படியே தேங்கி நிற்கும். ஒரே நிலம் இரு பருவத்தில் இரு விடை கூறும். ஆதலின் ஒரு சோதனையையும் ஒரு நாளையும் மாத்திரம் நம்பிக் கடைக்கால் இடுதல் தகாது.

இம்மண் உப்புவதன் காரணம் யாது? இதில் மான்ட்மோரில்லனைட் என்னும் களிமண் கனிமம் மிகுந்துள்ளது. பிரான்சு நாட்டு மான்ட்மோரில்லான் என்னும் ஊரின் பெயரால் 1847-ல் இப்பெயர் பெற்றது. இதன் துகள்கள் ஓலைச்சுவடியின் ஏடுகள்போல் மெல்லிய தகடுகளாக அடுக்கப்பட்டவை. நீர் ஏடுகளுக்கிடையே புகுந்து அவற்றை விலக்குகிறது; மண் பருக்கிறது. நீர் வற்றியதும் ஏடுகள் நெருங்குகின்றன, மண் சுருங்குகிறது.

மண் உப்பும்போது பெருங்கோபுரத்தின் பாரம் அதனை அடக்கக்கூடும். பாரம் குறைந்த திருமதில், மடைப்பள்ளி, வாகன மண்டபம் ஆகியவற்றையோ மண் எளிதில் மேலே உந்திவிடும். ஒரு பகுதி அசையாது நிற்க, அடுத்த பகுதி எழுந்து தாழுமாயின், இரண்டும் சேருமிடத்தில் விரிசல் காண்பது திண்ணம். அவ்விரிசலைச் சுண்ணாம்பு பூசி மறைப்பது நோயை மறைப்பதேயன்றித் தீர்ப்பதன்று. மறு மழையில் அது மீண்டும் வாய் திறக்கும்.

இக்காலப் பொறியியல் வகுத்த சோதனைகள் மயமதச் சோதனைகளின் வழித்தோன்றல்களெனவே கருதத்தக்கன. கருவறை, கோபுரம், மண்டபம் ஆகிய ஒவ்வொன்றும் அமையும் இடத்தில் ஆழத் துளையிட்டு மண் எடுக்கப்படுகிறது. பிசைந்த மண்ணை விளக்குத்திரி போல் 3 மில்லிமீட்டர் தடிப்பாக உருட்டி, எந்த ஈரத்தில் அது நொறுங்குகிறது என்று பார்ப்பது ஒரு சோதனை. உப்புதலை அளக்கும் சோதனையோ மிக எளியது. சலித்து உலர்த்திய மண் 10 கிராம் வீதம் இரு கண்ணாடிக் குழல்களில் இட்டு, ஒன்றில் வாலை நீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் வார்த்து, 24 மணி நேரம் வைப்பர். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. அதில் 10 மில்லிலிட்டரும் நீரில் 18 மில்லிலிட்டரும் நின்றால், உப்புமை 80 சதவீதம் எனக் கணக்கிடப்படும். இதற்கு ஆகும் செலவு திருப்பணிச் செலவில் மிகச் சிறு பங்கே.

பரிகாரமும் உண்டு. கரிசலின் ஆழம் குறைவாயின், அதனை அகற்றி அடியிலுள்ள சுக்கான் அல்லது பாறைமீது கடைக்கால் இடுதல் சிறப்பு. ஆழம் மிகுதியாயின், ரூர்க்கி நகரிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் 1950-களில் உருவாக்கிய குமிழடித் தூண்கள் ஏற்றவை. நிலத்தில் துளையிட்டு, அடியில் அத்துளையை இரண்டரை மடங்கு அகலமாகக் குடைந்து, கம்பியும் கான்கிரீட்டும் இட்டு நிரப்புவர். பருவந்தோறும் ஈரம் மாறும் மேல்மண்ணைக் கடந்து அவை இறங்கவேண்டும். ஆழ்ந்த கரிசலில் 3.5 மீட்டருக்குக் குறையலாகாது. தூண்களை இணைக்கும் விட்டத்தின் அடியில் 80 மில்லிமீட்டர் வெற்றிடம் விடுவர். மண் உப்பினும் விட்டத்தைத் தீண்டாது. இவை பாரம் குறைந்த கட்டடங்களுக்கு உரியன. பெருங்கோபுரத்திற்குத் தனிக் கணக்கு வேண்டும்.

கட்டி முடித்தபின்னும் கடமை முடிவதில்லை. கோமுகியின் வழியே வழியும் அபிஷேக தீர்த்தம் கருவறைச் சுவரோரம் தேங்கலாகாது. அதற்குக் கசிவற்ற கால்வாய் தேவை. நந்தவனப் பாத்திகள் சுவரை ஒட்டி அமையலாகாது. பெருமரங்கள் மண்ணின் ஈரத்தை உறிஞ்சுவதால் அவற்றையும் சற்று விலக்கியே நடவேண்டும். கட்டடத்தைச் சுற்றிச் சரிவாகக் கல் பாவுதல் நலம். மண்ணின் ஈரம் ஆண்டு முழுதும் ஒரு நிலையில் நிற்குமாயின் அது ஆலயத்திற்கு ஊறு செய்யாது.

கரிசலின் நடுவே கழுகுமலையில், 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் மலையையே மேலிருந்து கீழாகக் குடைந்து வெட்டுவான் கோயிலைக் கண்டனர். அங்கே பாறையே கடைக்கால். அவ்வாறு மலை வாய்க்காத ஊரார், அப்பாறையின் உறுதியை அறிவாலும் பொருளாலும் மண்ணுக்குள் உண்டாக்கிக்கொள்ளுதல் வேண்டும்.

அண்ணாமலையில் அடிமுடி தேடிய வரலாறு அன்பர் அறிந்ததே. முடியைத் தேடி மேலே பறந்தவன் கண்டேன் என்று பொய்யுரைத்தான். அடியைத் தேடி நிலத்தை அகழ்ந்தவன் காணவில்லை என்று மெய்யுரைத்தான். நிலத்தை அகழ்ந்து பார்ப்போர்க்கு மெய் கூறும் கடமை உண்டு. அம்மெய் கசப்பாயினும் கேட்கும் கடமை திருப்பணிக் குழுவினர்க்கு உண்டு. முடியினும் அடியையே பற்றுவது அடியார் மரபு. பெயர் பொறிக்கப்படாத கடைக்காலுக்கு ஈயும் பொருளும் அத்திருவடிக்கே சாத்தும் மலராகும். அக்கொடையால் எழும் ஆலயம் தலைமுறை பல கண்டு, குடமுழுக்குப் பல கண்டு, நின்று நிலவ இறைவன் திருவருள் துணைபுரிவதாக!

சுபம்.