கடலுக்குச் சென்ற கருவி கிணற்றுக்கு வரலாமா?

(கடற்றொழிலாளரும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



சுழியோடிகளின் பழுதடைந்த கருவிகளைப் பற்றிப் பேசுமிடத்தில் தோட்டக்காரருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். காரணம் உண்டு. கடலில் இறங்குபவன் கரையில் எறிவது, கிணற்றில் இறைப்பவனின் குடத்துக்கு வந்து சேரக்கூடும்.

நமது வடகடலில் சங்கும் கடலட்டையும் எடுப்போர் காற்றுச் சிலிண்டரைச் சுமந்து மூழ்குகின்றனர். திருகோணமலையிலே உல்லாசப் பயணிகள் பவளப்பாறை காண மூழ்குகின்றனர். நீருக்கடியில் எரியும் ரோச் லைற்றுகளும், ஆழத்தையும் நேரத்தையும் கணிக்கும் மணிக்கட்டுக் கணினிகளும் இத்தொழிலோடு வந்தவை. உப்பு நீர் புகுந்தால் இவை கெட்டுவிடும். பின்னர் அவை செல்லுமிடம் எது? குப்பைமேடு, பற்றைக்காடு, அல்லது எரியும் நெருப்பு!

இவற்றினுள் இருப்பது என்ன? இலிதியம் பற்றரி. நீர் புகுந்தாலும் நசுங்கினாலும் அது சூடேறித் தீப்பற்றக்கூடும். பழைய கருவிகளின் பற்றாசிலே ஈயம் உண்டு. ஒட்சிசன் அளவு காட்டும் உணரியிலே ஈயத்தோடு பொற்றாசியம் ஐதரொட்சைட்டு என்னும் கடுங்காரமும் உண்டு.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணக்கற் படையில் தங்கும் மழைநீரே நமக்கு உயிர். சுன்னாகத்துக் கிணறுகளில் மின்நிலையக் கழிவு எண்ணெய் கலந்த துயரை மறந்துவிட்டோமா? 2019 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. ஆயினும், கெட்ட நீரைத் தீர்ப்பு ஒரே நாளில் தெளியவைக்குமா? ஒரு பற்றரி அவ்வளவு கேடு செய்யாது என்பது மெய்யே. ஆனால் ஒவ்வொருவரும் "என்னுடையது ஒன்றுதானே" என்று எறிந்தால், அந்த ஒன்றுகள் எத்தனை ஆகும்!

இதனினும் கொடிய தவறு ஒன்றுண்டு. ஆழம் பிழையாகக் காட்டும் கணினியை மலிவு விலைக்கு இன்னொருவனிடம் தள்ளிவிடுவது! ஒவ்வொரு பத்து மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. இரத்தத்தில் கரைந்த நைதரசன், விரைந்து மேலெழும்போது குமிழியாகி, கைகால்களை முடக்கும்; உயிரையும் பறிக்கும். பொய் சொல்லும் கருவியை விற்பவன் அந்தக் குடும்பத்தின் சோற்றையன்றோ பறிக்கிறான்?

ஆகவே செய்ய வேண்டியவை இவை. நீர் புகுந்த ரோச்சை மீண்டும் மின்னேற்றாதீர்கள், வீட்டினுள் வைக்காதீர்கள். உள்ளே வாயு அடைபட்டிருக்கலாம். ஆதலால் வெளியிலே, முகத்துக்கு நேரே பிடியாமல், மெதுவாகத் திறவுங்கள். கெட்ட பற்றரியை எரியும் பொருள்களுக்கு அப்பால், மூடியில்லாத தகரத்தில் உலர்ந்த மணலின்மேல் வையுங்கள். நல்ல பற்றரியாயினும் அதன் முனைகளை நாடாவால் ஒட்டிவிடுங்கள். ஒட்சிசன் உணரியை உடைக்காதீர்கள். திருத்த முடியாத கணினியில் "உதவாது" என்று அழியாதபடி எழுதுங்கள். எதையும் எரிக்காதீர்கள், புதைக்காதீர்கள்.

தொழிலாளி மட்டும் பொறுப்பாளியா? உலகில் 2022 ஆம் ஆண்டில் மட்டும் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டது நூற்றுக்கு 22.3 பங்கே! நம் நாட்டிலே 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் 2008 ஆம் ஆண்டில் வந்த ஒழுங்குவிதிகள் இக்கழிவைக் கையாள அனுமதிப்பத்திரம் வேண்டுமென விதித்தன. சட்டம் ஏட்டில் இருந்தாற் போதுமா? கடற்கரைக்கு வரவேண்டாமா?

ஒவ்வொரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒரு சேகரிப்பிடம் வேண்டும். அங்கு சேர்வதை, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்றோர் குறித்த நாளில் வந்து ஏற்றிச்செல்ல வேண்டும். விற்ற வணிகரும் பழையதைத் திரும்ப ஏற்க வேண்டும். இவற்றைக் கேட்பது சலுகையன்று; உரிமை.

கடலும் கிணறும் நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற முதுசம். அவர்கள் கையளித்தபடியே நம் மக்களுக்கும் கையளிப்போமாக!