எபிசோடு 27: மேட்டுல நின்னுபோன இ-சைக்கிள்

போன வாரம் முழுக்க ரூமுக்குள்ள உட்கார்ந்து கீபோர்டு பத்திப் பேசினோம். இந்த வாரம் கொஞ்சம் வெயிலுக்குப் போகலாம். உங்கள்ல நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "வீக்எண்டுல மண் ரோடு, ஏரிக்கரைன்னு சும்மா ஜாலியா ஓட்டுறதுக்கு ஒரு இ-சைக்கிள் வாங்கலாம்னு இருக்கேன். எதைப் பார்த்து வாங்குறது?"

என்கிட்ட இதுக்கு ஒரு பதில் இருக்கு. ஒரு தடவை தப்பா வாங்கினதுக்கு அப்புறம் கிடைச்ச பதில். அதனால முதல்ல அந்தக் கதை.

கரட்டுப் பாதை

எங்க ஊர் சென்னிமலை பக்கம். அப்பா இருபது வருஷத்துக்கு மேல சைக்கிள்ல வேலைக்குப் போனவர். ரிட்டயர் ஆன பிறகும் ஞாயிற்றுக்கிழமை காலையில கீழ்பவானி வாய்க்கால் கரையில ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தாதான் அவருக்கு அந்த நாள் ஆரம்பிக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி முட்டி வலி வந்தது. டாக்டர் சைக்கிளை நிறுத்தச் சொல்லலை. "மேட்டுல அழுத்தி மிதிக்காதீங்க" அப்படின்னு மட்டும்தான் சொன்னார். ஆனா எங்க ஊர்ல மேடு இல்லாம எந்தப் பக்கமும் போக முடியாது. அதனால அப்பா மொத்தமா நிறுத்திட்டார்.

நான் இன்ஜினியர் இல்லையா, உடனே தீர்வு கண்டுபிடிச்சேன். முப்பதாயிரம் சொச்சத்துக்கு ஒரு இ-சைக்கிள். பின் சக்கரத்துல 250 வாட் மோட்டார், 36 வோல்ட் 5.8 ஆம்பியர் ஹவர் பேட்டரி, கியர் கிடையாது. அட்டைப்பெட்டியில "40 கி.மீ. ரேஞ்ச்"னு பெருசா போட்டிருந்தது. நாங்க போகப்போறது மொத்தமே 25 கி.மீ. தாராளமா போதும்னு நினைச்சேன்.

முதல் ஞாயிறு. அப்பா இ-சைக்கிள்ல, நான் என் சாதா சைக்கிள்ல. கரட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கி, வாய்க்கால் கரையில போய், டீ குடிச்சு, திரும்பினோம். வீட்டுக்கு வரணும்னா அதே கரட்டு மேட்டை இந்தப் பக்கம் இருந்து ஏறணும். ஒன்றரை கி.மீ. செம்மண் பாதை, மொத்தம் 100 மீட்டர் உயரம். டிஸ்ப்ளேல இன்னும் ரெண்டு கட்டை இருந்தது. பாதி மேட்டுல மோட்டார் நின்னுபோச்சு.

"என்ன கண்ணு, வண்டி செத்துப் போச்சா?"

"இல்லீங்கப்பா, ஒரு நிமிஷம்." ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். ஓடிச்சு. நூறு மீட்டர் போனதும் மறுபடி கட். இப்படியே மூணு தடவை. அதுக்கப்புறம் 22 கிலோ வண்டியை நான் தள்ளினேன், அப்பா என் சைக்கிளை உருட்டிக்கிட்டு முட்டியைப் பிடிச்சுப் பிடிச்சு நடந்து வந்தார். வீட்டுக்கு வந்ததும் ஒண்ணும் சொல்லலை. வண்டி மேல தார்ப்பாய் போட்டு மூடிட்டார். மூணு மாசம் அந்தத் தார்ப்பாயை யாரும் எடுக்கலை.

கணக்கு சரி, ஆனா வண்டி ஏறலை

எனக்கு அது உறுத்திக்கிட்டே இருந்தது. ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பிளஸ் ஒன் பிசிக்ஸ்தான், பயப்படாதீங்க.

அப்பாவும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ. 100 மீட்டர் உயரம். எடை, புவியீர்ப்பு, உயரம் மூணையும் பெருக்கினா 98,000 ஜூல். ஒரு வாட் ஹவர்ங்கிறது 3,600 ஜூல். அப்போ அந்த மேட்டை ஏறத் தேவை சுமார் 27 வாட் ஹவர். பேட்டரியில எவ்வளவு இருக்கு? வோல்ட்டையும் ஆம்பியர் ஹவரையும் பெருக்குங்க: 36 × 5.8, கிட்டத்தட்ட 209 வாட் ஹவர். மண் பாதையோட உராய்வு எல்லாம் சேர்த்தாலும் ஏறியிருக்கணும். பின்ன ஏன் நின்னுச்சு?

மூணு காரணம். நீங்க வாங்கும்போது பார்க்க வேண்டிய விஷயம் முக்கால்வாசி இந்த மூணுலயே அடங்கிடும்.

ஒண்ணு, மோட்டார் இருக்கிற இடம். பின் சக்கரத்துக்குள்ள இருக்கிறது ஹப் மோட்டார். சக்கரம் எவ்வளவு வேகமா சுத்துதோ அதுக்கு ஏத்த மாதிரிதான் அதுவும் சுத்தும். 20, 25 கி.மீ. வேகத்துல நல்லா வேலை செய்யும். மேட்டுல 7, 8 கி.மீ.க்கு இறங்கும்போது பேட்டரியில இருந்து எடுக்கிற கரண்ட்ல பெரும்பகுதி வெறும் சூடா போயிடும். பைக்ல பின்னாடி ஆள் உட்கார வெச்சு, டாப் கியர்லயே மலை ஏறிப் பாருங்க. அதே திணறல்தான்.

ரெண்டு, வோல்டேஜ். பாதி காலியான பேட்டரியில இருந்து திடீர்னு நிறைய கரண்ட் இழுத்தா அதோட வோல்டேஜ் சரியும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழ போனா, பேட்டரியைக் காப்பாத்த கன்ட்ரோலர் தானா கட் பண்ணிடும். சும்மா ரெண்டு நிமிஷம் நிறுத்தினா வோல்டேஜ் மேல வரும், வண்டி உயிர் வரும், மறுபடி மேடு, மறுபடி கட். சமதளத்துல தெரியுற ரெண்டு கட்டையை நம்பி மேட்டுக்குப் போகக்கூடாதுன்னு அன்னிக்குத் தெரிஞ்சுக்கிட்டேன்.

மூணு, கியர் இல்லை. மோட்டார் கைவிட்ட பிறகு மனுஷன் மிதிக்கவும் வழி இல்லை. 22 கிலோ வண்டியை ஒத்தை கியர்ல மேட்டுல மிதிக்க நல்ல முட்டி இருக்கிறவனாலேயே முடியாது.

அதனால என் பதில் இதுதான்: அட்டைப்பெட்டி ரேஞ்சை வெச்சு வாங்காதீங்க. உங்க பாதையில இருக்கிறதுலேயே மோசமான மேடு எது, அதை பேட்டரி பாதி இருக்கும்போது இந்த வண்டி ஏறுமா, ஏறாட்டி நான் மிதிச்சு வீட்டுக்கு வந்துடுவேனா? இந்த ரெண்டு கேள்விக்கு வாங்குங்க.

கடைக்குப் போகும்போது

முதல்ல மோட்டார். மிட் டிரைவ்னு ஒரு வகை இருக்கு. மோட்டார் பெடல் பக்கத்துல உட்கார்ந்திருக்கும், அதோட சக்தி செயின் வழியா கியருக்குப் போகும். சின்ன கியர் போட்டா மோட்டாரும் சுகமான வேகத்துல சுத்திக்கிட்டே ஏறும். மலைப் பாதைக்கு அதுதான் சரி. ஆனா செயினும் பின் பல்சக்கரமும் சீக்கிரம் தேயும். நான் விசாரிச்ச வண்டிகள் எல்லாம் லட்சத்தைத் தாண்டிச்சு. நீங்க ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வாராவாரம் ஓட்டுற ஆள்னா காசு சேர்த்து அதுக்கே போங்க. வாய்க்கால் கரை, ஏரிக்கரை, நடுவுல ஒண்ணு ரெண்டு மேடுன்னா கியர் வெச்ச ஹப் மோட்டாரே போதும். குறைஞ்சது 7 கியர் இருக்கட்டும்.

அடுத்தது சென்சார். விலை குறைஞ்ச வண்டிகள்ல பெடல் சுத்துதா இல்லையான்னு மட்டும்தான் பார்க்கும். நீங்க மெதுவா மிதிச்சாலும் சரி, அழுத்தி மிதிச்சாலும் சரி, அதே தள்ளு தள்ளும். நிறுத்தின பிறகும் கொஞ்ச நேரம் தள்ளும். தார் ரோட்டுல பரவாயில்லை. சரளைக்கல் வளைவுல அது உங்களை வேலியில கொண்டுபோய் விடும். டார்க் சென்சார்னா நீங்க எவ்வளவு அழுத்துறீங்களோ அதுக்கு ஏத்த மாதிரி உதவும். 1993-ல யமஹா ஜப்பான்ல பாஸ்னு ஒரு சைக்கிள் கொண்டுவந்தாங்க. மிதிக்கிற பலத்தை அளந்து அதுக்கு ஏத்த மாதிரி உதவுறதுதான் அதோட அடிப்படையே. மண் பாதையில அந்த வித்தியாசம் காலுக்கு உடனே தெரியும். பட்ஜெட்ல டார்க் சென்சார் கிடைக்கலைன்னா, பிரேக் லீவரைத் தொட்டதும் மோட்டார் கட் ஆகுதான்னு கண்டிப்பா சோதிச்சுப் பாருங்க.

அப்புறம் பிரேக். ஏறும்போது கணக்குப் போட்டோமே 98,000 ஜூல், இறங்கும்போது அது எங்க போகும்? பெரும்பகுதி பிரேக் டிஸ்க்ல சூடா இறங்கும். சாதா சைக்கிளை விட வண்டி கனமும் அதிகம். கேபிள் டிஸ்க் பிரேக் கை வலிக்க அழுத்தணும், அடிக்கடி டைட் பண்ணணும். ஹைட்ராலிக் டிஸ்க் கொஞ்சம் விலை கூடுதல்தான், ஆனா நான் பேட்டரியில மிச்சம் பிடிச்சாலும் இதுல பிடிக்க மாட்டேன்.

டயர். நாலு இன்ச் ஃபேட் டயர் போட்டோவுல சூப்பரா இருக்கும். நம்ம செம்மண்ணுக்கு 2.1-ல இருந்து 2.4 இன்ச் போதும். நமக்குப் பெரிய எதிரி சீமைக்கருவேல முள். பின் சக்கரத்துல மோட்டார் இருந்தா அதைக் கழட்ட வயர் கனெக்டரைப் பிரிக்கணும், அச்சு நட்டுக்கு ஸ்பேனர் வேணும். கடைக்காரரையே ஒரு தடவை கழட்டி மாட்டிக் காட்டச் சொல்லுங்க. அந்த ஸ்பேனரும் பஞ்சர் பேட்ச்சும் பையில இல்லாம கிளம்பாதீங்க.

பேட்டரி கழட்டுற மாதிரி இருக்கணும். மாத்துறதுக்கு எவ்வளவு ஆகும், ரெண்டு மூணு வருஷம் கழிச்சு அதே மாடல் கிடைக்குமான்னு வாங்குறதுக்கு முன்னாடியே கேளுங்க. வெயில்ல ஓட்டிட்டு வந்த உடனே சார்ஜ் போடாதீங்க, ஆறட்டும். ராத்திரி முழுக்க சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்காதீங்க. வாசல் கதவு பக்கத்துலயும் மாடிப்படி கீழயும் சார்ஜ் போடவே வேண்டாம். ஏதாவது ஆனா வெளிய வர வழி அதுதானே.

ரெண்டு எச்சரிக்கை

ஒண்ணு, "லாக் எடுத்துத் தர்றேன், 45-ல போகும்"னு சிலர் சொல்வாங்க. மோட்டார் 250 வாட்டுக்குள்ள, வேகம் 25 கி.மீ.க்குள்ள இருக்கிற வரைக்கும்தான் நம்ம சட்டத்துல அது சைக்கிள். லைசென்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் தேவையில்லை. அதைத் தாண்டினா அது மோட்டார் வாகனம். விபத்துன்னு ஒண்ணு வந்தா பதில் சொல்ல வேண்டியது நீங்கதான்.

இன்னொண்ணு, மண் பாதை எல்லாம் நம்ம பாதை இல்லை. காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம போகக்கூடாது. 2018 மார்ச்சுல குரங்கணி காட்டுத் தீயில மலையேறப் போனவங்க இருபது பேருக்கு மேல இறந்தது ஞாபகம் இருக்கும். அதோட இ-சைக்கிள் சத்தமே வராது. யானைக்கு நீங்க வர்றது தெரியாது, வளைவுல யானை நிக்குறது உங்களுக்கும் தெரியாது. ஊரோட பாதைகளே எவ்வளவோ இருக்கு.

தார்ப்பாய் எடுத்த கதை

பழைய வண்டியைக் கிடைச்ச விலைக்குக் கொடுத்துட்டு, கொஞ்ச மாசம் காசு சேர்த்து இன்னொண்ணு வாங்கினோம். அதுவும் ஹப் மோட்டார்தான். ஆனா 7 கியர், 36 வோல்ட் 10.4 ஆம்பியர் ஹவர், ஹைட்ராலிக் பிரேக். இந்தத் தடவை நான் தனியா முடிவு பண்ணலை. கடைக்காரர்கிட்ட பேசி, ஊர்ல இருக்கிற ஒரு மேட்டுக்கே வண்டியைக் கொண்டுபோய், அப்பாவையே ஓட்ட வெச்சோம். ஒரு தடவை மோட்டாரை ஆஃப் பண்ணிட்டு சின்ன கியர்ல மெதுவா ஏறச் சொன்னேன். ஏறினார். "முட்டி எப்படிங்கப்பா இருக்கு?"ன்னு கேட்டேன். "ஒண்ணும் இல்ல சாமி, இது என் பழைய வண்டி மாதிரியே இருக்குது"ன்னார். அங்கேயே முடிவு பண்ணிட்டோம்.

பாதையையும் மாத்திக்கிட்டோம். இப்போ பேட்டரி ஃபுல்லா இருக்கும்போதே பெரிய மேட்டை ஏறிடுறோம். வீடு இறக்கத்துல இருக்கிற மாதிரி வழி. பாதி பேட்டரிக்கு முன்னாடியே திரும்பிடுறோம்.

போன ஞாயிறு நான் கோயம்புத்தூர்லயே இருந்தேன். காலையில ஆறு மணிக்கு அப்பா போட்டோ அனுப்பினார். வாய்க்கால் கரை, சைக்கிள், ஒரு டீ கிளாஸ். மெசேஜ் எதுவும் இல்லை.

உங்க பாதையில மோசமான மேடு எது, அதோட நீளம், உயரம் எவ்வளவுன்னு எழுதி அனுப்புங்க. ஃபோன் மேப்லயே பார்த்துடலாம். அடுத்த எபிசோடுல அதுல நாலஞ்சு எடுத்து சேர்ந்து கணக்குப் போடுவோம். அதுவரைக்கும் ஹெல்மெட் போட்டு ஓட்டுங்க.