திசைகாட்டி இனியும் தேவையா?



கைத்தொலைபேசியே வழி சொல்லும் காலத்தில் காந்தத் திசைகாட்டி எதற்கு? இன்றைய அரங்கின் கேள்வி இது. தேவை என்பதே என் கருத்து.

முதலில் நம் மலாக்கா நீரிணைக்கு வருவோம். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத் தளபதி செங் ஹோவின் கப்பல்கள் இங்கு வந்தன. அந்தப் பயணங்களோடு தொடர்புடைய கடல் வரைபடத்தில், ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்கு ஊசியின் எந்தத் திசையைப் பிடித்துச் செல்ல வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வட்டத்தை 24 பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்கு 15 பாகை. மேகம் நட்சத்திரங்களை மறைத்தாலும் ஊசி திசை சொன்னது.

இன்று கப்பல்கள் ஜிபிஎஸ் துணையோடு செல்கின்றன. அதன் துல்லியத்தை யாரும் மறுக்கவில்லை. ஆனால், அந்தச் சமிக்ஞை ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து மிகவும் பலவீனமாக வந்து சேர்கிறது. அதைக் குலைப்பது எளிது. 2025 ஜூன் மாதம் ஹோர்முஸ் நீரிணைப் பகுதியில் நூற்றுக்கணக்கான கப்பல்களின் சமிக்ஞை பாதிக்கப்பட்டது. கடலில் இருந்த சில கப்பல்கள் தரைமேல் நிற்பதாகத் திரை காட்டியது!

காந்த ஊசிக்கோ மின்சாரம் வேண்டாம், துணைக்கோளமும் வேண்டாம். அதனால்தான் சோலாஸ் எனப்படும் அனைத்துலகக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம், கப்பல் பெரிதோ சிறிதோ, காந்தத் திசைகாட்டியோ மின்சாரமின்றித் திசை காட்டும் வேறு சாதனமோ அதில் இருக்க வேண்டும் என்கிறது.

ஆனால் நேயர்களே, ஊசியையும் கண்மூடி நம்ப முடியாது. காந்த வடக்கு வேறு, உண்மையான வடக்கு வேறு. நம் வட்டாரத்தில் இந்த வேறுபாடு மிகக் குறைவு. வேறு சில கடல்களில் பல பாகை இருக்கும். கப்பலின் இரும்பும் ஊசியை இழுக்கும். எனவே கப்பலைச் சுற்றித் திருப்பி, ஒவ்வொரு திசையிலும் பிழையைக் கணக்கிட்டு, சிறு காந்தங்களை வைத்துச் சரிசெய்கிறார்கள். மிஞ்சும் பிழையை அட்டையில் எழுதி வைக்கிறார்கள்.

ஒரு பாகை தவறினால் என்ன என்று கேட்கலாம். 60 கடல் மைல் சென்றால், ஏறக்குறைய 1 கடல் மைல் விலகிப் போவோம். சிங்கப்பூருக்குத் தெற்கே பிலிப் கால்வாயின் மிகக் குறுகிய இடம் ஏறத்தாழ ஒன்றரை கடல் மைல்தான். எண்ணெய்க் கப்பல் அங்கே தரைதட்டினால் நம் மீனவர்களின் கதி என்ன?

சட்டம் கருவியைக் கப்பலில் வைத்துவிடும். அதைப் பார்க்கும் பழக்கத்தை மனிதர்கள்தான் காப்பாற்ற வேண்டும். திரை சொல்வதை ஊசியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த ஒரு நிமிட வேலையை, கடல்துறை பயிலும் நம் பிள்ளைகள் பழங்கதை என்று ஒதுக்கிவிடக் கூடாது. இதுவே என் வேண்டுகோள்.