மனசுக்கும் வைத்தியம் உண்டுங்க

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. பேச்சில் தப்பிருந்தால் பொறுத்துக்கோங்க.

என் தங்கச்சி தறி ஓட்டிக்கிட்டு இருந்தவ. திடீர்னு சோறு இறங்கலை, தூக்கம் இல்லை. பெத்த பிள்ளை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டா. ஒறம்பரையெல்லாம் காத்துக் கருப்புன்னாங்க. மந்திரிச்சுக் கயிறு கட்டியே ஒரு வருசம் போச்சு. அப்புறம்தான் மனநல டாக்டர்கிட்டப் போனோம். மனச்சோர்வு நோய்னு சொன்னார். ரெண்டு விதமா மாத்திரை கொடுத்தும் முழுசாக் கேக்கலை. கோயமுத்தூரில் காந்த சிகிச்சை பார்க்கலாம்னு எழுதிக் கொடுத்தார்.

"கரண்ட் ஷாக்குங்களா?"ன்னு பயந்து கேட்டேன். "இல்லைம்மா, மயக்க மருந்தே கிடையாது, முழிச்சே உட்கார்ந்திருக்கலாம்"னார். தலைக்கு வெளியே ஒரு கம்பிச்சுருளை வைக்கிறாங்க. அதிலிருந்து வர்ற காந்த அலை மூளையில் சோர்ந்து கிடக்கிற இடத்தைத் தட்டி எழுப்புதாம். முதல்ல கட்டை விரல் எந்த அளவுக்குத் துடிக்குதுன்னு பார்த்துத்தான் அலையோட பலத்தை வைப்பாங்க. டொக் டொக்னு சத்தம் வரும். தறிச் சத்தத்தில் வளர்ந்தவளுக்கு அது பெருசாத் தெரியலை. கொஞ்சம் தலைவலி மட்டும் இருந்துச்சு. தலைக்குள்ள உலோகம் வெச்சவங்களும் வலிப்பு வந்தவங்களும் டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிரணும்.

இந்தக் கருவியை 1985இல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு ஊரில் பார்க்கர் என்பவர் குழுவோட செஞ்சாராம். 2008இல் அமெரிக்காவில் மனச்சோர்வுக்கு அனுமதி கொடுத்தாங்க. பெங்களூரு நிமான்ஸிலும் இந்த சிகிச்சை இருக்கு.

வாரம் அஞ்சு நாள், நாலு வாரம் போகணும். பஸ் செலவு, மாடு, குழந்தை எல்லாம் மலைப்பா இருந்துச்சு. நம்ம குழுவில் உள்கடன் கொடுத்தீங்க. பக்கத்து வீட்டு அக்கா ரெண்டு நேரமும் பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்தினாங்க. அதுதான் பாதி வைத்தியமுங்க.

மூணாவது வாரம், "அக்கா, பசிக்குது"ன்னா. பஸ் ஸ்டாண்டிலேயே அழுதுட்டேன். இப்பவும் மாத்திரை சாப்பிடறா. நோய் முழுசாப் போயிருச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா மறுபடி தறிக்குப் போறா.

கூட்டத்துக்கு ஒருத்தி மூணு வாரமா வரலைன்னா அபராதம் போடறதுக்கு முன்னாடி அவ வீட்டுக்கு ஒரு எட்டுப் போய்ப் பாருங்க. 14416க்குப் போன் பண்ணினால் காசில்லாமத் தமிழிலேயே பேசுவாங்க. காய்ச்சலுக்குப் போற மாதிரி இதுக்கும் போகலாம், வெக்கமில்லைங்க.