உப்புக்கு அடியில என்ன இருக்கு?

இன்னைக்குக் கடல் கதை. ஆனா அது பொள்ளாச்சி பக்கத்துல எங்க தோட்டத்துலதான் ஆரம்பிக்குது.

எங்க அய்யன் மூணு போர் போட்டாருங்க. ஒருத்தர் உள்ளங்கையில தேங்காய வெச்சுட்டு நடப்பார். தேங்காய் எழுந்து நின்னா அதுதான் இடம். திருச்செங்கோட்டு ரிக் வண்டி வரும். ஆயிரம் அடி ஓட்டியும் மூணுலயும் புழுதிதான். கடன் மட்டும் நின்னுச்சு.

நான் ஜியோபிசிக்ஸ் படிச்சு, கடல் சர்வே கப்பல்ல வேலைக்குப் போனேன். அங்கயும் அதே கேள்விதான்: தோண்டாமலே உள்ள இருக்கிறத எப்படிப் பார்க்கிறது?

கப்பலுக்குப் பின்னால ஏர்கன், அழுத்தின காற்றைப் படீர்னு தண்ணிக்குள்ள விடும். அந்தச் சத்தம் கடலடிப் பாறைகள்ல பட்டுத் திரும்பும். கப்பல் இழுத்துட்டுப் போற, பல கிலோமீட்டர் நீளமான கேபிள்ல இருக்கிற ஹைட்ரோபோன்கள் அதைக் கேட்கும். எதிரொலி வர எடுத்த நேரத்தை வெச்சு ஆழத்தைக் கணக்குப் போடுவோம்.

நடுவுல தடிமனான உப்பு இருந்தா இந்தக் கணக்கு தப்பிடும். சத்தம் தண்ணியில நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும், உப்புல சுமார் 4,500. வேகம் மாறும்போது பாதையும் வளையும். தண்ணி டம்ளர்ல போட்ட ஸ்பூன் ஒடிஞ்ச மாதிரி தெரியுமே, அப்படி. உப்புக்குக் கீழ சில இடம் நிழல் விழுந்த மாதிரி மறைஞ்சிடும். இல்லாத மேடு இருக்கிற மாதிரியும் தெரியும். அதை நம்பித் துளை போட்டா பல நூறு கோடி போச்சு.

2004-05ல மெக்சிகோ வளைகுடாவின் மேட் டாக் வயல்ல ஒரு வழி கண்டாங்க. கேபிள் இழுக்க ஒரு கப்பல், சத்தம் எழுப்ப வேற கப்பல்கள். அப்படிப் பல திசையிலிருந்து கேட்டப்ப, ஒரு கோணத்துல மறைஞ்சது இன்னொரு கோணத்துல தெரிஞ்சது.

நம்ம நாட்டுல கட்ச்-சௌராஷ்டிரா கடல்ல உப்புக்குப் பதிலா பசால்ட் மறைக்குது. சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி ஓடின எரிமலைக் குழம்பு இறுகின பாறை அது. பசால்ட் சத்தத்தைச் சிதறடிச்சிடும். அதனால ஆழமா இறங்குற தாழ்ந்த அதிர்வெண் ஒலியைத்தான் நம்பணும்.

எவ்வளவு கேட்டாலும் வறண்ட துளை வரலாம். சூதாட்டம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

அய்யன் நாலாவது போருக்குக் கடன் கேட்டப்ப நான் லீவுல இருந்தேன். கம்பி நட்டு, மண்ணுக்குள்ள கரண்ட் விட்டுப் பார்க்கிற சர்வே இருக்கில்லீங்களா, அதைத் தோட்டத்துல பல இடத்துல பண்ண வெச்சேன். எங்கயும் நல்ல வெடிப்பு தெரியல. "வேண்டாங்கய்யா"ன்னு சொன்னேன். ரெண்டு நாள் என்கூடப் பேசல. மூணாம் நாள் ரிக்காரருக்குப் போன் போட்டு, "வர வேண்டாம்"னுட்டார்.

உங்க வீட்டுல போர் போடுறதா இருந்தா, எத்தனை இடத்துல பார்த்தீங்கன்னு முதல்ல கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போங்க.