காட்டு மரத்துக்கும் ஒரு செக்ரோல்
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் நிகழ்த்திய உரை)

 

கல்வியின் சிறப்பைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் நன்றாகவே பேசிவிட்டார்கள். நான் கணக்குப் பாடம் எடுக்கிறவன். ஆகையால் ஒரு கணக்கைப் பற்றியே பேசிவிட்டுப் போகிறேன். அது நம் வீட்டுக் கணக்கு அல்ல, நாட்டுக் கணக்கு. காட்டு மரங்களை அளந்து போடுகிற கணக்கு.

எண்ணெய் எரிந்தாலும் நிலக்கரி எரிந்தாலும் கரியமில வாயு வெளியாகிறது. அது காற்றில் சேரச்சேர உலகம் சூடேறுகிறது என்பதை இப்போது ஆறாம் ஆண்டுப் பிள்ளைகூடச் சொல்லும். மரமோ அந்த வாயுவை இழுத்து, அதிலுள்ள கரியைத் தன் உடம்பில் கட்டையாகச் சேர்த்து வைக்கிறது. எந்த நாடு எவ்வளவு வெளியிட்டது, எவ்வளவு இழுத்துக்கொண்டது என்று ஐக்கிய நாட்டுச் சபையின் பருவநிலை உடன்படிக்கைப்படி கணக்குக் காட்டவேண்டும். மலேசியா 1994-ல் அதில் சேர்ந்தது. 2019-ஆம் ஆண்டுக்கு நம் நாடு கொடுத்த கணக்கைப் பாருங்கள். வெளியிட்டது ஏறக்குறைய 33 கோடி டன். காடும் நிலமும் திரும்ப இழுத்துக்கொண்டது ஏறக்குறைய 21 கோடி டன்.

33-ல் 21 என்றால் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில். நம் கடனில் பெரும்பகுதியைக் காடு அடைக்கிறது என்று அர்த்தம். சரிங்க, 33 கோடியைக் கண்டுபிடிப்பது ஓரளவு சுலபம். எவ்வளவு எண்ணெய் விற்றது, எவ்வளவு நிலக்கரி இறங்கியது என்பதற்கு ரசீது இருக்கிறது. இந்த 21 கோடிக்கு யார் ரசீது கொடுத்தது? மரம் கையெழுத்துப் போடுமா?

ரசீது ஒரு சாதாரண டேப்பிலிருந்து தொடங்குகிறது. இதை உங்களுக்கு விளக்குவது எனக்கு எளிது. கித்தா மரத்தை எப்போது வெட்டுக்குத் திறப்பார்கள்? சுற்றளவு 50 சென்டிமீட்டர் வந்ததா என்று அளந்து பார்த்த பிறகுதானே? அதே வேலையைத்தான் காட்டுக்குள்ளும் செய்கிறார்கள். தோட்டத்து மரம் வரிசையில் நிற்கும், ஒரே சாதி, ஒரே வயது. காட்டு மரம் அப்படி நிற்காது. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அந்த வித்தியாசம் பெரிது.

நெகிரி செம்பிலானில் சிம்பாங் பெர்தாங் பக்கம் பாசோ வனக் காப்பகம் இருக்கிறது. அதைச் சுற்றிப் பெரும்பாலும் செம்பனைதான். அங்கே 1,000 மீட்டர் நீளம், 500 மீட்டர் அகலம், ஆக 50 ஹெக்டர் காட்டைக் கயிறு பிடித்துக் கட்டம் கட்டினார்கள். விட்டம் 1 சென்டிமீட்டர் இருந்தால்கூட, அதாவது நம் சுண்டுவிரல் பருமன் இருந்தால்கூட, அந்தச் செடிக்கு எண் தகடு, பெயர், இடம், அளவு. 1980-களின் பிற்பாதியில் நடந்த அந்த முதல் கணக்கெடுப்பில் மூன்று இலட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல் மரங்கள், 800-க்கு மேல் வகைகள்! பெரட்டில் பெயர் கூப்பிடுவதுபோல ஒவ்வொன்றையும் கூப்பிட்டுப் பாருங்கள், எத்தனை மாதம் ஆகும்? கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சி நிலையம் நடத்திய அந்த வேலையில் மனோகரன், கொச்சும்மன் என்ற பெயர்களும் முன்வரிசையில் இருக்கின்றன. பிள்ளைகளே, அந்தப் பெயர்களைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதே மரங்களைத் திரும்ப அளக்கிறார்கள். எத்தனை செத்தது, எத்தனை புதிதாக முளைத்து வந்தது என்பதும் ஏட்டில் ஏறும்.

ஏன் திரும்பத் திரும்ப அளக்கவேண்டும்? குளிர்நாட்டு மரத்தை வெட்டினால் உள்ளே வளையம் வளையமாக இருக்கும். எண்ணினால் வயது தெரியும். நம் ஊரில் பனி ஏது, குளிர்காலம் ஏது? பெரும்பாலான மரங்களில் தெளிவான ஆண்டு வளையம் விழுவதில்லை. டேப்பை விட்டால் வேறு வழியில்லை.

அளப்பதும் லேசுப்பட்ட காரியம் இல்லை. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், நெஞ்சுக்கு நேராக அளக்கவேண்டும். அடுத்த முறை வருகிறவர் இரண்டு விரற்கடை மேலேயோ கீழேயோ அளந்துவிடக் கூடாது என்று அளந்த இடத்தில் சாயக்கோடு போடுவார்கள். பெரிய காட்டு மரங்களுக்கு அடியில் பலகை பலகையாக வேர் விரிந்திருக்கும், பார்த்திருப்பீங்க. அதைச் சுற்றி டேப்பைப் போட்டால் அளவு ஊதிவிடும். ஏணி வைத்து, பலகை வேர் முடிகிற இடத்துக்கு மேலே போய் அளக்கவேண்டும். மரம் வளர்ந்தால் பலகை வேரும் மேலே ஏறிவரும்!

இதனால் உலக அளவில் ஒரு வழக்கே நடந்தது. அமேசான் காடுகளில் மரங்களின் எடை கூடிக்கொண்டே வருகிறது என்று ஆலிவர் பிலிப்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் 1998-ல் எழுதினார்கள். நீங்கள் பலகை வேரையும் சேர்த்து அளந்திருந்தால் கூடத்தானே செய்யும் என்று டெபோரா கிளார்க் என்ற அம்மையார் 2002-ல் கேட்டார். எழுதியவர்கள் ஏடுகளைப் புரட்டி, ஐயமுள்ள மரங்களைத் தள்ளிவிட்டுத் திரும்பக் கணக்குப் போட்டு, அப்போதும் கூடத்தான் செய்கிறது என்று பதில் சொன்னார்கள். எனக்கு இதில் பிடித்தது, யாரும் கோபித்துக்கொண்டு ஏட்டை மூடவில்லை என்பதுதான்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு மரத்தின் சுற்றளவு 157 சென்டிமீட்டர். 3.14-ஆல் வகுத்தால் விட்டம் 50. உயரம் 33 மீட்டர், நடுத்தரக் கனமுள்ள கட்டை என்று வைத்துக்கொண்டால், காய்ந்த எடை ஏறக்குறைய 2,400 கிலோ. நிற்கிற மரத்தைத் தராசில் வைக்கவா முடியும்? 1970-களில் இதே பாசோவில் மரங்களை வெட்டி, அடிமரம் வேறு, கிளை வேறு, இலை வேறு என்று நிறுத்துப் பார்த்தார்கள். அப்படிப் பல நாடுகளில் நிறுத்ததை வைத்துத்தான் வாய்பாடு செய்திருக்கிறார்கள். கட்டையின் சாதியும் முக்கியம். செங்கால் பலகை ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கு மேல் வரும். ஜெலுத்தோங் அதில் பாதிதான். வேரை ஒவ்வொரு மரத்துக்கும் தோண்டிப் பார்க்க முடியாது, மேலே உள்ள எடையில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொள்வார்கள்.

காய்ந்த எடையில் நூற்றுக்கு 47 பங்கு கரி. 2,400-க்கு 1,128 கிலோ. 12 கிலோ கரி 44 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்பதால், இந்த ஒரு மரம் தன்னுள் பூட்டி வைத்திருப்பது 4 டன்னுக்கும் சற்று அதிகம்.

இங்கேதான் கவனிக்கணும். இந்த மரம் ஆண்டுக்கு 3 மில்லிமீட்டர் விட்டம் கூடுகிறது என்றால், சுற்றளவில் ஏறுவது ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். டேப் சற்றுத் தளர்ந்து 1 சென்டிமீட்டர் பிசகினால், ஓர் ஆண்டு வளர்ச்சி முழுவதும் போயே போச்சு. எடையில் 30 கிலோ தவறு. ஒருவர் கூட்டியும் ஒருவர் குறைத்தும் பிசகினால், பல ஆயிரம் மரங்களில் ஒன்றுக்கொன்று சரிக்கட்டிவிடும். எல்லாரும் ஒரே பக்கம் பிசகினால்? பால் நிறுக்கிற தராசு தினமும் ஒரே பக்கம் சாய்ந்தால் மாதக் கடைசியில் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாசோ ஒரு காடுதான். நாடு முழுவதற்கும் அது போதாது. தீபகற்பத்தில் 1970-களின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒருமுறை தேசிய வனக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. 2025 ஏப்ரலில் ஐரோப்பியர்கள் காட்டின் எடையை ரேடார் கொண்டு பார்க்கவே ஒரு செயற்கைக்கோளை ஏவினார்கள். அதுவும் மேலேயிருந்து பார்த்ததைச் சரியா என்று ஒத்துப் பார்க்க, கீழே டேப் பிடித்தவனின் ஏட்டிடம்தான் வரவேண்டும்.

அந்த ஏடு நமக்குப் பிடித்ததையே சொல்லும் என்றும் நினைக்க வேண்டாம். பாசோவிலும் பனாமாவிலும் மரங்கள் பருக்கும் வேகம் குறைந்திருந்ததாக 2007-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. காடு பார்த்துக்கொள்ளும் என்று புகையை விட்டுக்கொண்டே இருக்கிறவர்களுக்கு அது நல்ல செய்தி அல்ல.

நம் தோட்டத்து மரம் இதில் சேருமா என்று சிலர் கேட்டார்கள். ஐக்கிய நாட்டு உணவு வேளாண்மை நிறுவனத்தின் விளக்கப்படி கித்தாத் தோட்டம் காடு என்ற கணக்கில் வரும், செம்பனை வராது. நம் பாட்டன்மார் வெட்டிய கித்தா மரம் காட்டோடு சேர்ந்துவிட்டது, இன்று நாம் குலை அறுக்கிற செம்பனை வெளியே நிற்கிறது! நியாயமா இல்லையா என்று சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொள்வோம்.

பள்ளித் திடலுக்குப் பின்னால் ஆறு மரங்கள் நிற்கின்றன. வருகிற சனிக்கிழமை காலை 8 மணிக்கு ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளோடு அவற்றை அளக்கப் போகிறேன். டேப்பும் சாயமும் தகடும் வாங்கியாகிவிட்டது. கட்டையின் சாதி தெரிந்த பெரியவர்கள் யாராவது வந்தால் பெயர் எழுத உதவியாக இருக்கும். ஏடு அலுவலக அலமாரியில் இருக்கும். அடுத்த ஆண்டு அதே கோட்டில் அளப்பது இப்போது நான்காம் ஆண்டில் உட்கார்ந்திருப்பவர்களின் வேலை.